ஓரத்திலிருந்து இரண்டு முழம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி டவுனில் முப்பத்தெட்டு வருஷம் சைக்கிள் கடை வைத்திருந்தவன் நான். எனக்கு முன்னால் அப்பா. முதலில் வாடகை சைக்கிள், அப்புறம் ரிப்பேர், கடைசி காலத்தில் பஞ்சரும் காற்றடிப்பும் மட்டும். கடையை மூடி ஏழு வருஷம் ஆகிறது. இப்போது ஜங்ஷன் பக்கம் மீனாட்சிபுரத்தில் மகள் வீட்டோடு இருக்கிறேன். வயது 71. உங்கள் பத்திரிகைக்கு இதற்கு முன் ஒரே ஒரு தடவை எழுதியிருக்கிறேன், தெருவிளக்கு எரியாதது பற்றி. அது நாலு வரி. இது நீளும். இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் பஸ்ஸின் அகலத்தைப் பற்றி ஒரு கணக்கு எழுதியிருக்கிறேன், அதை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

கடையில் இருந்த காலம் முழுக்க, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஒவ்வொரு பயலிடமும் நான் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான்: “ஏலே, ஓரமாப் போ.” என் அப்பாவும் அதைத்தான் சொன்னார். இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளையைப் பெற்ற எல்லோரும் வாசலில் நின்று அதையேதான் சொல்கிறார்கள். போன ஜூன் மாதம் என் பேத்தி விழுந்து எழுந்து வந்தபோது, அந்தப் புத்திமதியில் பாதி தப்பு என்று எனக்குப் பட்டது. இத்தனை வருஷம் தப்பாகச் சொல்லியிருக்கிறோமே என்று இரண்டு நாள் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பேத்தி பிளஸ் 2 படிக்கிறாள். பள்ளிக்கூடம் பாளையங்கோட்டையில். வண்டி, போன வருஷம் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். வீட்டிலிருந்து கிளம்பி, சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறி, ஆற்றைத் தாண்டி, வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி என்று போகவேண்டும். அன்றைக்குப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பின்னாலேயே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்திருக்கிறது. இவள் தாத்தா சொன்ன பாடம்தானே என்று இன்னும் ஓரமாக ஒதுங்கியிருக்கிறாள். அந்த இடத்தில் தார் முடிந்து நாலு விரற்கடைக்குப் பள்ளம், அதற்கு அப்புறம் மண். முன்சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது. திரும்ப ஏற்றலாம் என்று ஹேண்டில்பாரை லேசாக வலது பக்கம் ஒடித்திருக்கிறாள். சக்கரம் ஏறவில்லை. தார் விளிம்பை உரசிக்கொண்டே போய் வழுக்கிவிட்டது. ஆள் விழுந்தது மண் பக்கம் இல்லை, சாலைப் பக்கம்.

பஸ் நின்றுவிட்டது. அது அந்த டிரைவரின் புண்ணியம், அதை மறைக்க மாட்டேன். அவள் கிடந்த இடத்துக்கும் பஸ்ஸின் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சைக்கிளைப் படுக்கப்போட இடம் இருந்திருக்காது என்று பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் சொன்னார். டிரைவர் இறங்கி வந்து தூக்கிவிட்டாராம். தூக்கிவிட்டுக் கேட்டாராம்: “ஏம்மா, ஓரமாப் போகத் தெரியாதா?”

முழங்கையில் தோல் பிய்ந்து, மணிக்கட்டு வீங்கி வீட்டுக்கு வந்தவள், மருந்து போடும்போதுகூட அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், “தாத்தா, நான் ஓரமாத்தான போனேன்?”

எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தச் சக்கரம் ஏன் ஏறவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். விளிம்பைச் சாய்வாக ஏற முயன்றால் டயர் மேலே ஏறாது, விளிம்போடு சேர்ந்து பக்கவாட்டில் நழுவும். சக்கரம் ஒரு பக்கம், உடம்பின் பாரம் ஒரு பக்கம். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்து விழுந்தவர்கள் எத்தனையோ பேருக்கு நான் சக்கரத்தில் கோட்டம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மழை பெய்து இரும்பு நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். தண்டவாளம் என்றாலும் தார் விளிம்பு என்றாலும் சக்கரம் நேருக்கு நேராக ஏறவேண்டும். அதற்கு இடமில்லையா, நின்று, இறங்கி, தூக்கி வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். இதைப் பேத்திக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுக்காதது என் குற்றம்.

மணிக்கட்டு சரியானதும் எட்டு நாள் நான் அவள் பின்னாலேயே சைக்கிளில் போனேன். என்னிடம் இருப்பது அப்பா காலத்துக் கம்பி பிரேக் வண்டி, நல்ல உயரம். முதல் நாள் அவளுக்குக் கூச்சம். “தாத்தா, கூட்டாளிகள்லாம் பாப்பாங்க, கொஞ்சம் தள்ளி வாங்க” என்றாள். தள்ளியே போனேன். தள்ளிப் போனதில் ஒரு நன்மை, சாலை முழுசாகக் கண்ணில் பட்டது. கடையில் உட்கார்ந்து உடைந்த வண்டிகளை மட்டுமே பார்த்தவனுக்கு, அவை எப்படி உடைகின்றன என்று இப்போதுதான் தெரிந்தது.

நாம் ‘ஓரம்’ என்று சொல்லும் இடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் கணக்கெடுத்தேன். லாரியில் இருந்து கொட்டிய எம் சாண்ட். யாரோ வீடு கட்ட இறக்கிய ஜல்லியில் மிச்சம். சாக்கடை மூடி ஒன்று சாலையை விட உயரம், ஒன்று பள்ளம், ஒன்று பாதிதான் இருக்கிறது. நிறுத்தி வைத்த கார்கள். படுத்துக் கிடக்கும் மாடு. இளநீர்க் கூடு. எதிர்த்திசையில் வரும் பைக், ஏனென்றால் சுற்றிப்போக அவருக்குச் சோம்பல். ஆள் ஏற்றுவதற்குப் பட்டென்று ஒதுங்கும் ஷேர் ஆட்டோ. இத்தனையும் சேர்ந்த இடத்துக்குத்தான் பிள்ளையை அனுப்பிவிட்டு, பத்திரமாகப் போயிருக்கிறது என்று நாம் காபி குடிக்கிறோம்.

இப்போது அந்தக் கணக்கு. பஸ்ஸின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். நல்ல சாலையில் ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர் இருக்கும். மிச்சம் ஒரு மீட்டர். பேத்தி வண்டியின் ஹேண்டில்பாரை டேப் வைத்து அளந்தேன், அறுபது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மிதிக்கும்போது வண்டி இப்படியும் அப்படியும் ஆடும், அதற்கு ஒரு சாண் விடுங்கள். அப்புறம் மிச்சம் ஒரு சாண்கூட வராது. ஆக, ஒரே தடத்தில் பஸ்ஸும் சைக்கிளும் அக்கம்பக்கமாகப் பத்திரமாகப் போகவே முடியாது. பஸ் வலது பக்கம் விலகித்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் பின்னால் காத்திருக்கவேண்டும். ஆனால் சைக்கிள் ஓரத்தை ஒட்டிப் போகும்போது பின்னால் வரும் டிரைவர் கண்ணுக்கு, ‘நுழைந்துவிடலாம்’ என்று ஒரு இடைவெளி தெரிகிறது. அந்த இடைவெளி பொய். நாம் ஒதுங்க ஒதுங்க அந்தப் பொய்யைத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறோம். அவர் விலகாமலே நுழைகிறார். நமக்கு ஒதுங்க மேற்கொண்டு இடமில்லை, இருப்பது அந்த நாலு விரற்கடைப் பள்ளம்தான்.

அதனால் பேத்தியிடம் இப்போது வேறு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஓரத்திலிருந்து இரண்டு முழம். சந்தையில் பூ அளப்பது போலவே. இரண்டு முழம் என்றால் மூன்று அடி. அந்த இடத்தில் நேர்கோடாகப் போ. முன்னால் பள்ளமோ மணலோ வந்தால் இடது பக்கம் ஒதுங்க உனக்கும் கொஞ்சம் இடம் கையிருப்பில் இருக்கும். பின்னால் வருகிறவருக்கும் நீ தூரத்திலேயே தெரிவாய், விலகவேண்டும் என்பதும் அவருக்கு அப்போதே தெரியும்.

இதைச் சொன்னதும் டீக்கடையில் என் வயதுக்காரர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். “பொம்பளப் பிள்ளைய நடு ரோட்ல போவச் சொல்லுதீரா வே?” நடு ரோடு இல்லை அண்ணாச்சி, இரண்டு முழம். அதுவும் ஊருக்குள், வண்டிகள் மெதுவாக ஊர்ந்து போகிற சாலையில். நாலுவழிச் சாலைக்கு இது பொருந்தாது. அங்கே வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தார் போட்ட இடம் இருந்தால் அதில் போகவேண்டும். என்னைக் கேட்டால் பள்ளிப் பிள்ளைகள் அங்கே சைக்கிளில் போகவே வேண்டாம், நாலு தெரு சுற்றிப் போகலாம். ஊருக்குள்ளேயும் ஒரு பஸ் பொறுமையாகப் பின்னால் வந்தால், நல்ல இடம் பார்த்து ஒதுங்கி நின்று அதை விட்டுவிடுவதுதான் மரியாதை. எங்கே ஒதுங்குவது என்பதை நாம் தீர்மானிக்கவேண்டும், ஹாரன் தீர்மானிக்கக் கூடாது.

டவுன் ரத வீதிகளிலும் நெல்லையப்பர் நெடுஞ்சாலையிலும் இந்த இரண்டு முழத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. நிறுத்திய காரின் கதவு. முன்பு எங்கள் கடைக்குப் பால்காரர் ஒருவர் முன்சக்கரத்தைப் பிடிக்கிற போர்க் முழுக்க உள்ளே மடங்கிய வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பால் கேன் நசுங்கியிருந்தது, அவருக்கு நெற்றியில் காயம். துணிக்கடை வாசலில் நின்ற காரை ஒட்டிப் போயிருக்கிறார், உள்ளே இருந்த அம்மா திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டார். கார் கதவும் முழுசாகத் திறந்தால் இரண்டு முழம் வரும், வேண்டுமானால் அளந்து பாருங்கள். நிற்கிற கார்களின் வரிசை ஓரிடத்தில் விட்டு மறுபடி தொடங்கும்போது, சின்னப் பிள்ளைகள் அந்தச் சந்துக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வருவார்கள். அதுவும் கூடாது. உள்ளே போகும்போது நம்மை மறந்துவிடுகிற, பின்னால் வரும் டிரைவருக்கு, வெளியே வரும்போது திடீரென்று முளைத்தது போல இருக்கும்.

பின்னால் திரும்பிப் பார்ப்பது ஒரு தனி வித்தை. எட்டு நாளில் பேத்தியிடம் நான் கண்ட பெரிய குறை அதுதான். திரும்பிப் பார்க்கிற பக்கமே வண்டியும் திரும்புகிறது. தலை போகிற பக்கம் தோள், தோள் போகிற பக்கம் கை, கை போகிற பக்கம் ஹேண்டில். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு காலி மைதானத்தில் சுண்ணாம்பில் நீளமாக ஒரு கோடு போட்டேன். கோட்டின் மேலேயே ஓட்டணும், நான் பின்னால் நின்று காட்டுகிற விரல் எத்தனை என்று திரும்பிப் பார்த்துச் சொல்லணும். முதலில் கோட்டை விட்டு, இரண்டு கையை விரித்த அகலத்துக்குத் தள்ளிப் போனாள். தாடையைத் தோளில் இடிக்கிற மாதிரி திருப்பு, வலது கையை லேசாக விடு என்றேன். மூன்றாவது ஞாயிறு, கோட்டிலேயே போய்க்கொண்டு “மூணு, அப்புறம் சுண்டு விரலு பாதி மடக்கி” என்றாள். அப்புறம்தான் வலது பக்கம் திரும்பக் கை காட்டப் பழக்கினேன். முதலில் பார்வை, அப்புறம் கை, அப்புறம்தான் வண்டி. இப்போது பலர் கையைக் காட்டுவதும் திரும்புவதும் ஒரே நொடியில் நடக்கிறது. அது சிக்னல் இல்லை, விழப்போகிறேன் என்று தகவல் சொல்வது.

வண்ணார்பேட்டை ரவுண்டானா பற்றி மட்டும் நான் வீரம் பேச மாட்டேன். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்றேன். “எல்லாரும் பாப்பாங்க தாத்தா.” பார்க்கட்டும். சைக்கிளுக்கு இருக்கிற பெரிய சௌகரியமே, இறங்கினால் அடுத்த நொடி நாம் நடந்து போகிற ஆள். லாரிக்காரருக்கு அந்த வசதி இல்லை.

லாரி, பஸ் இடது பக்கம் திரும்பும்போது அதன் இடுப்போரத்தில் நிற்கவே கூடாது. இதைக் கொட்டை எழுத்தில் போடலாம். முன்சக்கரம் போன பாதையில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். நீளமான வண்டி என்றால் அவ்வளவு அதிகம் வெட்டும். முன்னால் நிறைய இடம் இருக்கிறதே என்று நுழைந்தவருக்குப் பின்னால் இடம் சுருங்கிக்கொண்டே வரும். உயரத்தில் உட்கார்ந்திருக்கிற டிரைவர் கண்ணுக்கு அந்த இடம் தெரியாது. சிக்னலில் நிற்கும்போதும் பஸ்ஸின் இடது பக்கமாக ஊர்ந்து முன்னேறாதே, அதன் பின்னாலேயே நில் என்று சொல்லியிருக்கிறேன். புகை வரும்தான். புகையைத் துடைத்துக்கொள்ளலாம்.

இனி என் தொழில். பிள்ளைகளின் வண்டியில் பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்று பெற்றவர்கள் யாரும் பார்ப்பதில்லை. பெல் அடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். பேத்தியின் வகுப்பில் ஆறு பேருடைய சைக்கிளை ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஆறில் நாலு வண்டியில் பிரேக் பிடியை அழுத்தினால் அது ஹேண்டிலையே தொடுகிறது. இரண்டில் பிரேக் கட்டை ரிம்மில் படாமல் டயரைக் கடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றில் முன் பிரேக் கம்பியே இல்லை. “அது எதுக்கு தாத்தா, பின்னாடி பிரேக் இருக்குல்லா?” என்றாள் அந்தப் பிள்ளை. முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் விழுவோம்தான். ஆனால் வண்டி நிற்கும்போது பாரமெல்லாம் முன்சக்கரத்துக்கு வருகிறது, அதனால் நிறுத்துகிற சக்தியும் அங்கேதான் அதிகம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டு போகும், வண்டி சட்டென்று நிற்காது. இரண்டையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தவேண்டும்.

மழைக்காலம் வந்தால் இன்னும் ஒன்று. நம் பிள்ளைகள் ஓட்டுவது இரும்பு ரிம் வண்டி. பளபளவென்ற அந்த ரிம் நனைந்தால், பிரேக் கட்டை அதில் எண்ணெய் தடவினது போல வழுக்கும். முதல் சில சுற்றுக்கு பிரேக் பிடித்ததே தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் கடைக்கு வந்த விபத்து வண்டிகளில் பாதி இதனால் வந்தவை. “பிரேக் பிடிச்சேன் அண்ணாச்சி, நிக்கல” என்பார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். மழையில் நிற்கவேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே பிரேக்கை லேசாக உரசவிட்டு ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைக்கவேண்டும், அப்புறம்தான் அழுத்தவேண்டும். சாலையில் போட்ட வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் நனைந்தால் வழுக்கும், அவற்றின் மேல் திரும்பவோ பிரேக் போடவோ கூடாது.

தண்ணீர் தேங்கிய சாலையில் போகவே கூடாது என்பதை 2023 டிசம்பர் வெள்ளம் எங்கள் தெருவுக்குக் கற்றுக்கொடுத்தது. தண்ணீர் வடிந்து பார்த்தால், நாங்கள் தினமும் நடக்கிற இடத்தில் சாக்கடையின் சிலாப்புக் கல்லே இல்லை. மேலே இருந்து பார்த்தபோது எல்லாம் ஒரே தண்ணீர்தான். அந்த மாதம் தெருவில் பதினேழு சைக்கிளுக்கு நான் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பைப் பிரித்து, சேறு கழுவி, புது கிரீஸ் வைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, கடையை மூடின பிறகு எனக்குக் கிடைத்த கடைசி ஓவர்ஹாலிங் அது, கை அரிப்பு தீர்ந்தது.

விளக்குக்கு வருகிறேன். டியூஷன் முடிந்து பிள்ளைகள் ராத்திரி எட்டு மணிக்குத் திரும்புகிறார்கள். பின் மட்கார்டில் சிவப்புக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதன் மேல் கேரியரில் இருந்து பை தொங்குகிறது, இல்லை மழைக்கோட்டு தொங்குகிறது. அப்புறம் அது இருந்து என்ன? இப்போது பேட்டரியில் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கு மலிவாகவே வருகிறது, அதை சீட்டுக்குக் கீழே மாட்டிவிட்டேன். பழைய டைனமோவில் ஒரு குறை, வண்டி நின்றால் விளக்கும் நின்றுவிடும், நடுச்சாலையில் திரும்பக் காத்திருக்கும்போது நாம் இருட்டில் இருப்போம். பெடலின் இரண்டு பக்கமும் ஒளி பட்டால் மின்னுகிற ஒட்டுப்பட்டை ஒட்டினேன். மேலும் கீழும் ஆடுகிற வெளிச்சத்தைப் பார்த்தால், பின்னால் வருகிறவருக்கு இது சைக்கிள் என்று சட்டென்று புரியும். துப்பட்டாவை முதுகில் முடிச்சுப் போடு, புத்தகப் பையை ஹேண்டிலில் மாட்டாதே, காதில் பாட்டு வேண்டாம். இவை எல்லாம் எல்லா வீட்டிலும் சொல்வதுதான், எல்லாப் பிள்ளையும் கேட்காததுதான்.

ஹெல்மெட் பற்றிக் கேட்பீர்கள். சைக்கிள் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வராது, லைசென்ஸும் வேண்டாம், ஹெல்மெட்டும் கட்டாயமில்லை. போட்டால் நல்லது, பேத்திக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பிரேக் இல்லாத வண்டியில் ஹெல்மெட் போட்டுப் போகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

என் சின்ன வயசில் சைக்கிளுக்கு வரி உண்டு. தகர வில்லை கொடுப்பார்கள், வண்டியில் மாட்டிக்கொண்டுதான் போகவேண்டும். சாயங்காலம் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் பிடிப்பார். டபுள்ஸ் போனால் பிடிப்பார். அபராதம் கட்டக் காசில்லை என்றால் டியூப் காற்றைப் பிடுங்கி விட்டுவிடுவார், அந்தப் பயல் எங்கள் கடைக்குத்தான் தள்ளிக்கொண்டு வருவான், அப்பாவுக்கு அது ஒரு வருமானம். அன்றைக்கு அவர்களைத் திட்டினோம். இப்போது யோசித்தால், பிடித்தார்கள் என்றால் சைக்கிளையும் ஒரு வாகனமாக மதித்தார்கள். இன்றைக்கு யாரும் பிடிப்பதில்லை, ஏனென்றால் சைக்கிள்காரன் யார் கணக்கிலும் இல்லை.

நம் ஊர் எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1973-ல் ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தபோது எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. மேல் அடுக்கு பஸ்ஸுக்கும் லாரிக்கும், கீழ் அடுக்கு சைக்கிள் போன்ற சின்ன வண்டிகளுக்கு. வெளியூரில் இருந்து வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். டவுனில் இருந்து ஜங்ஷனுக்கு, தலைக்கு மேலே பஸ் ஓட, கீழே ஒரு பயமும் இல்லாமல் மிதித்துக்கொண்டு போவோம். பெரிய வண்டியையும் சின்ன வண்டியையும் ஒரே தடத்தில் இடிபடவிடக் கூடாது என்று ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே யோசித்துக் கட்டிய ஊர் இது. அதற்கு அப்புறம் போட்ட சாலைகளில் அந்த யோசனை எங்கே போனது என்று தெரியவில்லை.

நான் சைக்கிளுக்குத் தனிப் பாதை கேட்கவில்லை. போட்டால் அதில் கார் நிறுத்துவார்கள். நான் கேட்பது சின்னச் சின்ன விஷயம். சாலை போடுகிறவர்கள் தார் மேல் தார் போட்டு உயர்த்திக்கொண்டே போகாமல், விளிம்பில் மண்ணையும் சம மட்டத்துக்கு நிரப்பி இறுக்கிவிட்டுப் போகட்டும். குழாய்க்குத் தோண்டுகிறவர்கள் மூடும்போது சக்கரம் போகிற இடம் என்று நினைத்து மூடட்டும். சாக்கடைக் கம்பி மூடியின் சந்துகள் சாலையின் நீளவாட்டில் இருந்தால் சைக்கிள் டயர் உள்ளே போய்விடும், அதைக் குறுக்குவாட்டில் திருப்பிப் போட ஒரு ரூபாய் அதிகம் செலவில்லை. வேகத்தடைக்கு வெள்ளை பெயின்ட். மணல் லாரிக்குத் தார்ப்பாய்.

டிரைவர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஜெர்மனியில் ஊருக்குள் சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடம் விடவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நீங்கள் இரண்டு முழமாவது விடுங்கள். காதுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடிக்காதீர்கள், அடிப்பதென்றால் தூரத்திலேயே ஒரு தடவை. பக்கத்தில் வந்து அடித்தால் பிள்ளை பதறி எந்தப் பக்கம் ஒடிக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

எட்டாவது நாள் திரும்பி வரும்போது, பாலத்தின் மேல் பேத்தி வண்டியை நிறுத்தினாள். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்க்கத்தான் நிறுத்தினாள் என்று நினைத்தேன். “தாத்தா, எனக்குச் சொல்லிட்டு நீங்க மட்டும் ஓரத்தை ஒட்டியே வாறீங்க, நானும் பாத்துட்டேதான் இருக்கேன்” என்றாள். அறுபது வருஷப் பழக்கம். இன்னும் சரியாகவில்லை, முயற்சி செய்கிறேன்.

இனி மாதத்தில் முதல் ஞாயிறு காலை ஏழு மணியில் இருந்து பத்து மணி வரை, பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு வெளியே வேப்ப மர நிழலில் ஸ்பேனரோடு உட்காரலாம் என்று இருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் வண்டியைக் கொண்டுவந்தால் பிரேக் சரிபண்ணி, செயின் இறுக்கி, சீட் உயரம் பார்த்துத் தருவேன். கூலி வேண்டாம். பிரேக் கட்டையும் கம்பியும் மட்டும் அவரவர் வாங்கி வரவேண்டும். மழை பெய்தால் வர மாட்டேன், வீட்டில் திட்டுவார்கள்.

இப்படிக்கு,
பழைய சைக்கிள் கடைக்காரன்,
மீனாட்சிபுரம், திருநெல்வேலி.